பழைய பாதையில் ஹெய்னி

1934ஆம் ஆண்டு ஏப்ரல் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமையிலிருந்து ஹெய்னி காற்றில் நடந்துகொண்டிருக்கிறான். அவனுக்குக் கீழே அறுநூறு அடியில் கடல். காலை பத்து மணி வாக்கில் மேற்கு முனையிலிருந்து கிராமத்துச் சுவர்வரை வருகிறான். சற்று நேரம் நிற்கிறான். பிறகு வந்த வழியே திரும்புகிறான். மழை பெய்தால் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்கிறான். காற்று பலமாக இருந்தால் குனிந்து நடக்கிறான். முதல் நாள் அவனுக்கும் கரைக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்தது. இப்போது முந்நூறு அடி. அவன் விலகிப் போகவில்லை. கரைதான் விலகியது.

ஹெல்லோய் தீவில் இருபத்து மூன்று வீடுகள். கிழக்கே படகுத்துறை, மேற்கே செங்குத்துப் பாறை. கிராமத்தைச் சுற்றிக் கல் சுவர். சுவருக்கு உள்ளே உருளைக்கிழங்கு, வெளியே ஆடுகள். சுவரில் ஒரே ஒரு மரக்கதவு. அங்கிருந்து மேற்கு முனைவரை விளிம்பை ஒட்டி நான்கு மைல் பாதை. பாதை என்றால் தரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஐந்நூறு அடிக்கு ஒன்றாக நாற்பத்தொரு கல் குவியல்கள். ஒரு குவியலில் நின்றால் அடுத்தது தெரியும். அதைப் பார்த்து நடக்க வேண்டும். பனிக்காலத்தில் மண் ஊறி, வசந்தத்தில் விளிம்பு சரியும். விரிசல் தெரிந்ததும் குவியல்களையும் கதவையும் சில அடி உள்ளே நகர்த்துவார்கள். உட்பக்கமாக நின்றுதான் கல்லை எடுப்பார்கள். பழைய தடத்தில் யாரும் கால் வைப்பதில்லை. கடைசிக் கல்லை வைத்ததும் பழைய பாதை பாதையாக இல்லாமல் போகும். அதற்கு முன்னால் ஆள் எண்ண வேண்டும். பாதைக்காரர் கையில் கோலோடு கதவருகே நின்று ஒவ்வொரு வீட்டின் பெயரையும் கூப்பிடுவார். அந்த வீட்டுப் பெண் வாசலில் நின்று, வீட்டார் எல்லோரும் சுவருக்குள் இருந்தால் ‘உள்ளே’ என்பாள். ஒருவர் இல்லாவிட்டாலும் ‘வெளியே’ என்பாள். ஒரு வீடு ‘வெளியே’ என்றால் அன்று ஒரு கல்லும் நகராது. 1852இல் ஆட்களை எண்ணிவிட்டு ஒரு பெண்ணாட்டை எண்ண மறந்தார்கள். அது விளிம்புக்கு அப்பால், இல்லாத புல்லை முப்பத்தொரு வருடம் மேய்ந்தது. இடையில் பாதையை இன்னொரு முறை நகர்த்தினார்கள். அன்றோடு அதன் சத்தம் நின்றது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஆடு செத்த பிறகு விட்டுப்போன சத்தம் வரத் தொடங்கியது. பதினேழு வருடம் கத்தி முடித்தது. இதெல்லாம் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது.

ஹெய்னியின் வீடு சுவரை ஒட்டிய கடைசி வீடு. அவன் மனைவி எல்ஸ்பாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, நான்கு மாதக் கர்ப்பம். கோடை முழுவதும் கிரீன்லாந்து மீன்பிடிக் கப்பலில் வேலை செய்ய ஹெய்னி அவளிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தான். விஷயம் அவளுக்குப் பக்கத்து வீட்டு சன்னா மூலம் தெரிந்தது. அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. உருளைக்கிழங்கை மட்டும் வேகவைத்து மேசையில் வைத்தாள். ஏப்ரல் பதினேழு, செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் அவன் பின்வாசல் வழியாகப் போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. படகுக் கொட்டகையில் உட்கார்ந்து கோபத்தில் முறுக்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். அன்று மூடுபனி. மூடுபனியில் பாதையை நகர்த்தும் வழக்கமில்லை. ஆனால் விரிசலுக்குள் கை நுழைகிறது என்று முதல் நாள் மாலையே செய்தி வந்திருந்தது. பாதைக்காரர் குட்டோர்முக்கு அறுபத்தொன்பது வயது. நாற்பது வருடம் கோல் பிடித்தவர். எட்டு மணிக்குக் கதவருகே நின்று கூப்பிட ஆரம்பித்தார். இருபத்திரண்டு வீடுகளும் உள்ளே. கடைசியாக ஹெய்னியின் வீடு.

எல்ஸ்பா வாசலில் நின்றாள். பக்கத்து வாசலில் சன்னா நின்றாள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் புருஷன் எங்கே என்று தெரியாத பெண்ணைப் பற்றி எங்கள் தீவில் ஒரு பனிக்காலம் முழுவதும் பேசுவார்கள். அவள் தலையைத் திருப்பாமல் “உள்ளே” என்றாள். அவளுக்குக் கணீரென்ற குரல். எல்லோருக்கும் கேட்டது. பத்து மணிக்குள் நாற்பத்தொரு குவியல்களும் கதவும் பதினோரு அடி உள்ளே வந்துவிட்டன.

மூடுபனி விலகியபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஹெய்னி நின்றுகொண்டிருந்தான். கதவு இருந்த இடத்தில் அப்போது கல் அடைத்திருந்தார்கள். அவன் அதைக் கையால் தடவிப் பார்த்தான். கிராமமே கூடிவிட்டது.

“கதவை எங்க வெச்சீங்க?” என்றான்.

“பதினோரு அடி இந்தப் பக்கம் வாப்பா,” என்றார் குட்டோர்ம்.

அவன் பக்கவாட்டில் ஒரு அடி வைத்தான். கால் பழைய பாதையில் ஒரு அடி முன்னால் இருந்தது. மறுபடி வைத்தான். மறுபடி முன்னால்தான் போனான். அவன் தோளில் கயிறு போட்டு நான்கு பேர் இழுத்தார்கள். கயிறு வந்தது. அவன் வரவில்லை.

“என் வீட்டுக்கு யாரு பதில் சொன்னது?” என்று கேட்டான் ஹெய்னி.

எல்ஸ்பா மேலங்கிக்குள் கையை வைத்தபடி நின்றாள். குட்டோர்ம் அவள் பக்கம் பார்க்காமல், “யாரும் சொல்லல. உன் வீட்டைக் கூப்பிட நான்தான் மறந்துட்டேன்,” என்றார்.

ஒரு வீட்டைக் கூப்பிட மறந்த பாதைக்காரர் கோல் பிடிக்கக் கூடாது. அன்று மாலையே கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் மருமகன் நிக்லாஸ் அதை எடுத்துக்கொண்டான். எல்ஸ்பாவின் குரலைக் கேட்ட இருபத்திரண்டு வீட்டாரில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சன்னாகூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் பழைய பாதை இருந்த நிலம் நான்கு மைல் நீளத்துக்கும் கடலில் விழுந்தது. ஹெய்னி விழவில்லை. அவன் காலடியில் புல் இன்னும் இருந்தது போலும். குனிந்து பூட்ஸைத் துடைத்து, “ஈரமா இருக்கு,” என்றான்.

அதற்குப் பிறகு வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஹெய்னி இரவில் மேற்கு முனையில், பழைய ஆட்டுக் கொட்டில் இருந்த இடத்தில் படுத்தான். காலையில் சுவருக்கு வந்தான். எல்ஸ்பா கைநீட்டி ரொட்டியும் உலர்ந்த ஆட்டிறைச்சியும் கொடுத்தாள். பசிக்கிறதா என்று கேட்டால், “பசிக்கல. குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன்,” என்பான். கப்பல் அவனை விட்டுவிட்டுக் கிரீன்லாந்துக்குப் போனது. அதை வைத்து அவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். செப்டம்பரில் ரன்வா பிறந்தாள். பிறந்த மூன்றாவது ஞாயிறு, தேவாலயத்தில் பெயர் வைத்த கையோடு, எல்ஸ்பா குழந்தையை விளிம்புக்குக் கொண்டு போனாள். இரண்டு பேர் அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் குப்புறப் படுத்துக் குழந்தையை நீட்டினாள். பாதிரியார் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெய்னி வாங்கிக்கொண்டான். அவன் கையில் இருந்தவரை குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. விரல்களை எண்ணினான். குல்லாயை விலக்கிப் பார்த்தான்.

“மூக்கு உன்னுது. பொழச்சா,” என்றான்.

“காது உன்னுது. சொன்னாக் கேக்காது,” என்றாள் எல்ஸ்பா.

உருளைக்கிழங்கு வேகும் நேரம் வைத்திருந்தான். குழந்தை அவன் சட்டையை நனைத்தது. பிறகு இரண்டு கைகளாலும் நீட்டித் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பனிக்காலத்தில் விளிம்பு மேலும் ஆறு அடி விழுந்தது. மகளை அவன் தொட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த வசந்தத்தில் நிக்லாஸ் கோலோடு நின்று வீடுகளைக் கூப்பிட்டான். எல்ஸ்பா “வெளியே” என்றாள். நிக்லாஸ் திரும்பினான். கோலைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கல் நகரவில்லை. அதற்கடுத்த வருடமும் “வெளியே” என்றாள். ஏன் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பாதையை இன்னொரு முறை நகர்த்தினால் அந்த ஆட்டுக்கு நடந்ததுதான் ஹெய்னிக்கும் நடக்கும். வாய் மட்டும் அசையும். குரலாவது இருக்கட்டும் என்று அவள் பதினொரு வசந்தங்கள் “வெளியே” என்றாள். விளிம்பு தன் போக்கில் விழுந்துகொண்டிருந்தது. ரொட்டியைக் கையால் கொடுக்க முடியாமல் துடுப்பில் வைத்துக் கொடுத்தாள்; பிறகு மீன்பிடிக் கழியில் கட்டினாள்; பிறகு எறிந்தாள். எறிந்ததில் பாதி கடலுக்குப் போனது. பேச்சு சத்தமாக மாறியது. காற்று மேற்கிலிருந்து அடித்தால் அவன் சொல்வது இவளுக்குக் கேட்கும். கிழக்கிலிருந்து அடித்தால் இவள் சொல்வது அவனுக்குக் கேட்கும். இரண்டும் ஒன்றாகக் கேட்ட நாட்கள் குறைவு. சொல்ல வேண்டிய ஒன்றை அவள் ஒவ்வொரு நாளும் மறுநாளைக்குத் தள்ளினாள். கை எட்டிய காலத்தில் கூச்சமாக இருந்தது. கழியின் காலத்தில் குழந்தை பக்கத்தில் இருந்தாள். எறியும் காலத்தில் அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது; கிராமமே கேட்கும். கிராமத்துக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் முடியவில்லை.

குட்டோர்ம் தினமும் காலை காப்பி குடித்துவிட்டு விளிம்புக்கு வருவார். திட்டு வாங்குவதற்கு.

“கெழவா, ஆடு எண்ணத் தெரியுது, ஆள் எண்ணத் தெரியாதா உனக்கு?” என்று ஹெய்னி கத்துவான்.

“ஆட்டுக்குக் காதுல வெட்டு இருக்குப்பா. உனக்கு இல்லையே,” என்பார் அவர்.

“நீ செத்தா உன் பொட்டிய நான்தான் தூக்கணும்னு எழுதி வெச்சிடு. அப்பவாவது கதவைத் தொறப்பானுங்க.”

“எழுதி வெக்கிறேன். முட்டு வலி எப்படி இருக்கு?”

“உன் மண்டையை விடப் பரவால்ல.”

எல்ஸ்பா ரொட்டி எறிந்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு வசவும் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை, திரும்பி நடக்கும்போது, “நான் சொல்லிடுறேன்,” என்றாள் குட்டோர்மிடம். அவர், “அவனுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். நான் சும்மாத்தானே இருக்கேன்,” என்றார்.

இதற்குள் ஆறு குவியல்கள் விழுந்துவிட்டன. மீதி விளிம்பில் தொங்கின. மூடுபனியில் யாரும் மேற்கே போவதில்லை. பதினான்கு ஆடுகள் விழுந்தன. எல்ஸ்பாவைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. சன்னா மட்டும் ஒருநாள் துணி உலர்த்தும்போது, “உன் புருஷனுக்காவது நடக்கப் பாதை இருக்கு. எங்களுக்குத்தான் இல்ல,” என்றாள். எல்ஸ்பா ஈரத் துணியைக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

1946 மார்ச்சில், ஒரு வியாழக்கிழமை காலை, குட்டோர்ம் வழக்கமான இடத்தில் நின்று முட்டு வலியை விசாரித்தார். அவருக்கு எண்பத்தொன்று. காலடியில் புல்தரை ஒரு பாயைப் போல மடிந்தது. ஹெய்னி இரண்டு கைகளையும் நீட்டினான் என்று ரன்வா சொன்னாள். அவள் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் நாற்பது அடி இருந்தது. அன்று ஹெய்னி மேற்கே திரும்பவில்லை. விழுந்த இடத்துக்கு நேரே குத்துக்காலிட்டுக் கீழே பார்த்தபடி இருந்தான். படகில் போனவர்கள் உடலை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். சவப்பெட்டியின் மேல் ஒரு தாள் இருந்தது. பெட்டியை ஹெய்னி தூக்க வேண்டும், முடியாவிட்டால் யாரும் வருந்த வேண்டாம் என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. பாதிரியார் அதை வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, ஹெய்னி சுவரிலிருந்து திரும்பும் நேரத்தில், எல்ஸ்பா விளிம்புக்குப் போனாள். காற்று கிழக்கிலிருந்து அடித்தது. கிராமத்தில் எல்லாரும் முற்றத்தில் வேலையாக இருந்தார்கள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மீன்காரி விலை சொல்வதுபோலக் கத்தினாள். “குட்டோர்ம் மறக்கல. கூப்பிட்டாரு. நான்தான் ‘உள்ளே’ன்னு சொன்னேன். நீ எங்க இருக்கேன்னு தெரியாமத்தான் சொன்னேன். தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.” ஹெய்னி நின்றான். குல்லாயைக் கழற்றினான். அவளைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் முற்றத்தில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு சொல்வார்கள். பிறகு குல்லாயைப் போட்டுக்கொண்டு மேற்கே நடந்தான். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் முதுகு புள்ளியாகும்வரை அவள் நின்றாள். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய் காலை விரிசலுக்குள் நிக்லாஸின் கோல் முழுதாக இறங்கியது. ஆடுகள் குட்டி போடும் பருவம். மறுநாள் முதல் பெரியவர், சிறியவர் எல்லோரும் அந்தப் பாதையில்தான் போக வேண்டும். பதினொரு வயது ரன்வாவும் போக வேண்டும். எட்டு மணிக்கு வீடுகளைக் கூப்பிட்டான். இருபத்திரண்டு வீடுகளும் உள்ளே. எல்ஸ்பாவின் வீட்டின் முறை வந்தபோது அவன் கூப்பிடவில்லை. கிட்டே வந்து தாழ்ந்த குரலில், “அவன் பத்து மணிக்கு வந்துடுவான். அதுவரைக்கும் வேணா பொறுக்கிறோம்,” என்றான்.

“எதுக்கு?”

“நேத்து நீ சொன்னதுக்கு அவன் ஏதாவது…”

“அவன் சொல்லிட்டான். நீ கூப்பிடு.”

நிக்லாஸ் திரும்பிக் கதவருகே போய்க் கூப்பிட்டான்.

“உள்ளே,” என்றாள் எல்ஸ்பா.

அவன் தயங்கினான். “யார் யாரு?” என்றான். வழக்கத்தில் இல்லாத கேள்வி.

“நான். ரன்வா. ஹெய்னி. மூணு பேரும் உள்ளே.”

அறுபது அடி உள்ளே நகர்த்தினார்கள். எல்ஸ்பாவும் கல் சுமந்தாள். பத்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கடைசிக் கல்லை வைத்தார்கள். பத்து மணிக்கு ஹெய்னி வந்தான். அன்று வேகமாக வந்தான். மூச்சு வாங்கியது, மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. அவள் வீட்டுக்கு நேரே நின்று குல்லாயைக் கையில் எடுத்துப் பேச ஆரம்பித்தான். கையை மேற்கே காட்டினான், தன் மார்பைத் தொட்டான், ஒரு இடத்தில் சிரிப்பது போலவும் இருந்தது. நிறையப் பேசினான். ஒரு சத்தமும் வரவில்லை. காற்று மேற்கிலிருந்துதான் அடித்தது. அவன் இரவு முழுவதும் யோசித்துவிட்டு வந்திருக்கிறான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. எல்ஸ்பா உதடுகளைப் பார்க்க முயன்றாள். தாடி மறைத்தது. கல் சுமந்து திரும்பியவர்கள் கதவருகே நின்றுவிட்டார்கள். அவன் பேசி முடித்துக் காத்திருந்தான். அவள் கையைத் தூக்கினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவனும் தூக்கினான். வியாழக்கிழமை அந்த நிலம் விழுந்தது. ஆட்கள் யாரும் அதில் இல்லை.

அதற்குப் பிறகு எல்ஸ்பா நாற்பத்து மூன்று வருடம் இருந்தாள். வீடுகளைக் கூப்பிட்ட எல்லா வசந்தங்களிலும் ‘உள்ளே’ என்றாள். பாதை மூன்று முறை நகர்ந்தது. 1961இல் விளிம்பு கருங்கல்லைத் தொட்டது. அத்தோடு சரிவது நின்றது, கல் சுமப்பதும் நின்றது. தினமும் பத்து மணிக்கு அவள் விளிம்புக்குப் போய் அவனிடம் பேசினாள். ரன்வா கோப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போனது, திரும்பி வந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. மின்சாரம் வந்தது. சன்னா செத்தது. அன்றைக்கு அடுப்பில் ருபார்ப் தண்டு ஜாம் அடி பிடித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். தன் பேச்சு எப்போதாவது அவனுக்குக் கேட்கும் என்று ஆட்டின் கணக்கிலிருந்து அவளுக்குத் தெரியும். எப்போது என்று தெரியாது. அந்தப் பழைய விஷயத்தை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. அவன் அன்று என்ன சொன்னான் என்று ரன்வாவிடம் கேட்பாள். உனக்குச் சின்ன வயசுக் கண்ணு, நல்லாத் தெரிஞ்சிருக்குமே என்பாள். ரன்வா தெரியவில்லை என்பாள். “திட்டியிருப்பான்,” என்பாள் எல்ஸ்பா. சில நாள் “திட்டினா சிரிக்க மாட்டான்ல?” என்பாள். எழுபது வயதுக்குப் பிறகு, வாசலில் உட்கார்ந்து கம்பளி பின்னும்போது, திடீரென்று ஊசியை நிறுத்திக் காதைக் கொடுப்பாள். காற்றாக இருக்கும். 1989 மார்ச் மாதம் தூக்கத்தில் இறந்தாள். சுவருக்கு உள்ளே, குட்டோர்முக்கு இரண்டு குழி தள்ளிப் புதைத்தோம். அன்று ஹெய்னி பத்து மணிக்கு வந்து, வாசலைப் பார்த்துவிட்டு, காத்திருந்து, போனான்.

நான்கு வாரம் கழித்து, ஏப்ரலில், டென்மார்க்கிலிருந்து நடைப்பயணத்துக்கு வந்த ஒரு கணவன் மனைவி கதவுக்கு வெளியே கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். ரன்வா அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போயிருந்தாள். விளிம்புப் பக்கமிருந்து ஒரு ஆணின் குரல் கேட்டது. மூச்சு வாங்கும் குரல். முப்பத்தைந்து வயது மதிக்கலாம்.

“எல்ஸ்பா, நேத்தே சொல்லியிருக்கணும். குட்டோர்மை நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன். எனக்கு அன்னிக்கே தெரியும். நான் மூணாவது கல்லுக்கும் நாலாவது கல்லுக்கும் நடுவுல பனியில உக்காந்திருந்தேன். கெழவன் கூப்பிட்டது கேட்டுச்சு. நீ ‘உள்ளே’ன்னதும் கேட்டுச்சு, உன் குரல் ஐஸ்லாந்து வரைக்கும் கேக்கும். ரெண்டு பக்கமும் கல்லு எடுக்கிற சத்தம் கேட்டுச்சு. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்கும். வாயத் தொறக்கல. நீ ஊர் முன்னாடி என்னைத் தேடிக்கிட்டு வரணும்னு இருந்தேன். கெழவன் உனக்காகப் பொய் சொன்னான், நானும் அப்படியே விட்டுட்டேன். தெரியும்னு சொன்னா, நான் உக்காந்திருந்ததையும் சொல்லணும்ல. அதான் அவனைத் திட்டினேன். அவனுக்கும் தெரியும்னு நெனக்கிறேன். சரி, அழாத. ஏன் கல்லையெல்லாம் நகத்தியிருக்கீங்க?”

ரன்வா தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள்.

“யார் பேசுறது?” என்று கேட்டாள் டேனிஷ்காரி. அவளுக்கு எங்கள் மொழி பாதி புரியும்.

“எங்க அப்பா.”

“எங்க இருக்கார்?”

ரன்வா காட்டினாள். முந்நூறு அடிக்கு அப்பால், நரைத்த தாடியோடு ஹெய்னி சுவர்ப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் வாய் மூடியிருந்தது.

“என்ன சொல்றார்?”

“பழைய விஷயம்,” என்றாள் ரன்வா.

மறுநாளும் குரல் வந்தது. ரொட்டி வரவில்லையே என்று கேட்டது. அதற்கு மறுநாள், நீ பேசுவது கேட்கவில்லை, சளி பிடித்திருக்கிறதா என்றது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. நாற்பத்து மூன்று வருடமும் சில வாரமும் பிந்தி வருகிறது என்று ரன்வா பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அம்மா இறந்ததை அவனிடம் சொல்லச் சொல்லிப் பாதிரியார் அவளிடம் கேட்டுக்கொண்டார். அவள் அன்று பத்து மணிக்கு விளிம்புக்குப் போனாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அவன் வந்து நின்றான். தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கவனமாகக் கேட்டான். உதட்டைக் கடித்தான், தலையாட்டினான். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பாதை நகர்ந்த அந்த வசந்தத்துக்குப் பிறகு அம்மா இந்த இடத்தில் நின்று பேசிய பேச்சு அவனுக்கு இப்போதுதான் போய்ச் சேர ஆரம்பித்திருந்தது. இன்னும் நாற்பத்து மூன்று வருடப் பேச்சு வழியில் இருந்தது. ரன்வா எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். பாதிரியார் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது கோடையில் நிறையப் பேர் நடக்க வருகிறார்கள். கதவை மூடிவிட்டுப் போகவும், ஆடுகளைத் துரத்த வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறோம். ஹெய்னியைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை, கேட்டால் சொல்வோம். சிலர் கையசைக்கிறார்கள். அவனும் அசைக்கிறான். ரன்வாவுக்கு எழுபத்தைந்து ஆகிறது. காதுக்குக் கருவி மாட்டியிருக்கிறாள். இன்று காலை அவன் வீட்டுக்கு நேரே நின்று, முகம் முழுக்கச் சிரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். 1966இல் அம்மா அப்படி என்ன சொன்னாள் என்று ரன்வாவுக்கு நினைவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து ஏதோ பதில் சொல்லிவிட்டு, மேற்கே போனான்.